இடது காதில் ஒரு கிளிப்

பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டுகிறவன் நான். முகூர்த்தப் புடவைக்கு வந்த நாலு பெண்கள் நிறத்துக்காக முறைத்துக்கொண்டால், நடுவில் ஒரு ஜோக் போட்டுத் தப்பிக்கிற பிழைப்பு. என் மனைவியின் வயிறு வேலைநிறுத்தம் செய்த கதையையும் அப்படித்தான் சொல்லிப் பழகிவிட்டேன்.

பல வருடச் சர்க்கரையில் அவள் இரைப்பையின் நரம்பு கெட்டுவிட்டது. காலையில் சாப்பிட்டது சாயங்காலம் வரை அப்படியே கிடக்கும்; பிறகு வாந்தி. ரவிக்கைகளைப் பிடித்துப் பிடித்துத் தைத்து, கடைசியில் பிடிக்கத் துணிதான் மிச்சமிருந்தது, ஆள் இல்லை.

சென்னை ஆஸ்பத்திரியில் ஒரு சர்ஜன் அம்மா இருந்தார். அறுவையோடு நிற்காமல், மூளைக்கும் வயிற்றுக்கும் நடுவே ஓடும் வேகஸ் நரம்பை ஆராய்கிறவர். அதன் ஒரு கிளை காதுமடல் வரை வருகிறதாம். அங்கே கிளிப் மாட்டி லேசாகக் கரண்ட் விட்டால் தூங்குகிற வயிறு எழுந்திருக்குமா என்பதுதான் ஆராய்ச்சி.

"சிலருக்குக் கேக்குது, சிலருக்குக் கேக்கல. ஏன்னு இன்னும் தெரியல," என்றார். "அந்த நரம்புல வயித்துலேருந்து மூளைக்குப் போற சேதிதான் ஜாஸ்தி."

கரண்ட் என்ற சொல்லுக்கே என் வயிறு மூளைக்கு அவசரச் சேதி அனுப்பிவிட்டது. கழிப்பறை எங்கே என்று நர்ஸிடம் கேட்டுக்கொண்டு ஓடினேன். நான் இல்லாத நேரத்தில் மனைவி டாக்டரிடம், "அவருக்கும் ஒண்ணு மாட்டிவுடுங்கம்மா," என்றாளாம்.

தினமும் இரண்டு வேளை, இடது காதில் மட்டும் என்று சொல்லி, பட்டன் வைத்த ஒரு கருவியையும் கிளிப்பையும் டாக்டர் கொடுத்தனுப்பினார். வீட்டில் முதல் நாள், ஆபத்தா என்று பார்க்க நானே மாட்டிக்கொண்டேன். காதில் எறும்பு ஊர்ந்தது. நெஞ்சு படபடத்தது.

"ஏய், கண்ணு இருட்டிக்கினு வருதுடி!"

"யோவ், நான் இன்னும் பட்டனையே அமுக்கல."

கொஞ்ச நாளில் ஒரு அதிசயம். அரை இட்லி உள்ளே போய் உள்ளேயே தங்கியது. நான் பைத்தியம் மாதிரி ஓடி, மிளகும் சுக்கும் போட்ட கோயில் இட்லி வாங்கி வந்தேன். ஒரு விள்ளல் தின்றாள்.

"வாந்தி வர்றமாரி இருக்குதா?"

"கேட்டுக்கினே இரு, வந்துடும்."

வரவில்லை. அந்த வாரம் கடையில் நான் காட்டிய புடவை எல்லாம் விற்றது போல ஒரு நினைவு. அடுத்த வாரம் வாந்தி பழையபடி திரும்பியது.

மறுபடி சென்னைக்குப் போனோம். கிளிப்பை எப்படி மாட்டுகிறாள் என்று டாக்டர் காட்டச் சொன்னார். அவள் கண்ணில் ஒற்றி, முதலில் வலது காதில் மாட்டி, பட்டனை அமுக்கிக் கொஞ்சம் பொறுத்து, பிறகு இடதுக்கு மாற்றினாள்.

"வலதுல ஏம்மா?"

"நல்ல காரியத்த யாராவது இடது பக்கம் ஆரம்பிப்பாங்களா டாக்டர்?"

டாக்டர் பதறிவிட்டார். வலது பக்கம் இதயத் துடிப்பைத் தொட்டுவிடக் கூடாதென்றுதான் இடது என்று சொன்னதாம். நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். "உங்களுக்கில்ல சார், அவங்களுக்கு," என்றார். பரிசோதித்ததில் இதயம் நன்றாக இருந்தது.

எனக்கு ஒரே குஷி. "அப்ப அதனாலதான் கேக்கல! இனிமே நேரா இடதுல மாட்டிடுவோம். சரியாயிடும், இல்ல டாக்டர்?"

அவர் சிரிக்கவில்லை. "அதனால இல்ல சார். இவங்க நரம்பு ரொம்பக் கெட்டுப்போச்சு. கிளிப்பு சொல்றதைக் கேக்க அங்க ஆளில்ல. இனிமே வாய் வழியாச் சாப்பாடு வேணாம்."

தப்பு எங்கள் மேலேயே இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினேன். தப்பென்றால் திருத்திக்கொள்ளலாமே.

வயிற்றைத் துளைத்துச் சிறுகுடலுக்குக் குழாய் வைத்தார்கள். பால் மாதிரி ஒரு கரைசல் அதில் சொட்டுச் சொட்டாக இறங்கும். அவள் எதிரில் சோற்றைத் தொட எனக்கு மனம் வரவில்லை. கடைப்பக்கமே தின்றுவிட்டு வந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாள். தட்டில் சோறு, கத்தரிக்காய்க் குழம்பு. அவளே சமைத்தது.

"இன்னாயா, திருட்டுத்தனமா எங்கயோ துன்னுட்டு வர்ற? என் எதிர்ல குந்து. துன்னு."

ஏதாவது ஜோக் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். சோற்றைத்தான் வைத்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மென்றபோது அவள் தாடையும் மெல்ல அசைந்தது. நான் சீக்கிரம் முடித்துவிட அள்ளி அள்ளிப் போட்டேன்.

"மெதுவாத் துன்னுயா," என்றாள். "நானும் கூடவே வந்துக்கினு இருக்கேன்ல."