புதினாவுக்குச் சுருதி சேர்த்தவர்

இரவுச் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்தாயிற்று. டிங்கு மாமா விரல் உயரமே உள்ள ஒரு கண்ணாடிக் கோப்பையில் ஆரஞ்சு லிக்யூர் என்ற இனிப்பு மதுவை ஊற்றுகிறார். உடனே குடித்துவிடுவார் என்று பார்த்தால், அதுதான் இல்லை. சட்டைப் பையிலிருந்து சுருதி பார்க்கும் இசைக்கவையை எடுத்து முழங்காலில் ஒரு தட்டு தட்டி மேசையில் ஊன்றுகிறார். மேசை மெல்ல முனகுகிறது. பிறகு சின்னக் கரண்டியால் கோப்பையின் விளிம்பில் ஒரு 'டிங்'. தலையைச் சாய்த்துக் கேட்கிறார். முகம் கோணுகிறது. "கொஞ்சம் இறங்கியிருக்கே!" என்று ஒரு மிடறு குடிக்கிறார். மறுபடியும் 'டிங்'.

உள்ளே இருப்பது குறையக் குறையக் கோப்பையின் ஒலி மேலே ஏறும். ஆகவே, ஏற வேண்டிய இடத்துக்கு அது ஏறும்வரை குடிக்கலாம். தப்பித்தவறிக் கூடுதலாக ஏறிவிட்டால்? "தாண்டிடுச்சு, இறக்கணும்" என்று மேற்கொண்டு கொஞ்சம் ஊற்றிக்கொள்ளலாம். குடிப்பதற்கு இதைவிட வசதியான நியாயத்தை எவனால் கண்டுபிடிக்க முடியும்? ஆனால் அவரைக் குடிகாரர் என்று சொல்லிவிடாதீர்கள், பொசுக்கென்று கோபம் வந்துவிடும். "நான் குடிக்கலைப்பா, சரி பண்றேன்" என்பார்.

பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பது அவர் தொழில். பெரிய வீடுகள், பள்ளிகள், ஓட்டல் கூடங்கள் என்று தோல்பையைத் தூக்கிக்கொண்டு போவார். போன இடத்தில் பியானோவோடு நிறுத்திக்கொண்டால் பரவாயில்லை. "உங்க ஃப்ரிட்ஜ் அரை ஸ்வரம் கம்மியா உறுமுதுங்க" என்று கேட்காத சேதியையும் சொல்லிவிட்டு வருவார். பாவம், அந்த வீட்டுக்காரர்கள் அதன்பிறகு ஃப்ரிட்ஜையே கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எதைப் பார்த்தாலும் தட்டிக் கேட்கிற பழக்கத்தால் சொந்தக்காரப் பிள்ளைகள் வைத்த பெயர்தான் டிங்கு மாமா. மூக்கும் நாக்கும்கூட அந்தக் காதுக்கு இளைத்தவை அல்ல. குறை எங்கே இருந்தாலும் மோப்பம் பிடித்துவிடும், பிடித்ததை வாய் சொல்லியும்விடும்.

சமையலறை ஜன்னலோரம் அவருடைய ஜாடிகள் நிற்கின்றன. ஒன்றில் ஆரஞ்சுத் தோல், ஒன்றில் செர்ரி, ஒன்றில் இஞ்சி, ஒன்றில் வறுத்த காபிக்கொட்டை. எல்லாம் சாராயத்தில் ஊறி, சர்க்கரைப் பாகு சேர்ந்து, தேன் மாதிரி கெட்டியாகிக்கொண்டிருக்கும். காலையில் பல் விளக்கியதும் ஒவ்வொரு ஜாடியாகக் குலுக்கி, "என்னம்மா, நல்லா தூங்குனியா?" என்று குசலம் விசாரிப்பார். பள்ளி வேன் ஓட்டும் அவர் மனைவி சாவியைத் தேடிக்கொண்டே, "என்னை ஒரு நாளாவது இப்படிக் கேட்டதுண்டா?" என்பார். கேட்டதில்லைதான். ஆனால் இரவில் மனைவியின் ஐஸ்கிரீம் மேல் காபி லிக்யூரைக் கோலம் மாதிரி ஊற்றிக் கொடுத்துச் சமாதானம் பண்ணிவிடுவார்.

ஆண்டுக் கடைசி விடுமுறை வந்துவிட்டால் மனிதர் தரையில் நிற்க மாட்டார். மேசை நிறையக் கோப்பைகள், எலுமிச்சை, ஐஸ், விருந்தாளிகள். அவர் கலக்கும் காக்டெயில்களுக்கு அவரே பெயர் வைப்பார். அடியில் காபி, நடுவில் ஆரஞ்சு, மேலே பால் ஏடு என்று கரண்டியின் முதுகில் வழியவிட்டுக் கட்டுவது 'மாடிப்படி'. இஞ்சியும் சோடாவும் சேர்ந்து மூக்கில் ஏறுவது 'பக்கத்து வீட்டுச் சண்டை'. கடைசியில் எட்டுக் கோப்பைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் குடித்துக் குடித்துச் சுருதி சேர்த்து, கரண்டியால் ஒரு பாட்டு வாசிப்பார். எட்டாவது கோப்பை சேருவதற்குள் முதல் கோப்பை எங்கே இருக்கிறது என்று அவருக்கே மறந்துபோகும். வீடே விழுந்து விழுந்து சிரிக்கும்.

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு விடுமுறையில்தான் வினை வந்தது. மனைவியின் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். மாப்பிள்ளையின் ஜாடிகளைப் பார்த்து அவருக்கும் ஆசை வந்து, பால்கனித் தொட்டியில் வளர்த்த புதினாவை ஊறவைத்து, பச்சைப் பசேலென்று ஒரு பாட்டில் கொண்டுவந்தார். டிங்கு மாமா ஒரு வாய் குடித்தார். இருபது பேர் முன்னால், "மச்சான், இதை முழுங்கணுமா, கொப்புளிச்சுத் துப்பணுமா?" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. மச்சான் பாட்டிலைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து போனவர்தான். அடுத்த விடுமுறைக்கு வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை.

இந்த வருடம் தங்கை அழுது, கெஞ்சி, மிரட்டி அவரை வரச் சம்மதிக்க வைத்துவிட்டார். கணவரையும் பிடித்து உட்கார வைத்தார்.

"எனக்குன்னு இருக்கறது ஒரே ஒரு அண்ணன். இந்தத் தடவையும் கோவிச்சுக்கிட்டுப் போனாருன்னா அப்புறம் வரவே மாட்டாரு. அவரு புதினா கொண்டு வருவாரு. நீங்க நல்லா இருக்குன்னு சொல்லணும்."

"சொல்றேன்."

"சொல்லிக் காட்டுங்க."

"ஆகா, பிரமாதம் மச்சான்!"

"காது செவக்குது."

அதுதான் அவருடைய கஷ்டம். பொய் சொன்னால் இரண்டு காதும் தக்காளியாகிவிடும். கண்ணாடி முன் நின்று விதவிதமாகச் சொல்லிப் பார்த்தார். "அருமை மச்சான்." சிவப்பு. "சுமார் மச்சான்." இளஞ்சிவப்பு. குல்லா போட்டுக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தார். மனைவி பார்த்த பார்வையில் அந்த யோசனை கைவிடப்பட்டது. பயம் பயமாக வந்தது அவருக்கு. மச்சானை இழந்தாலும் தாங்கிக்கொள்வார், இந்த வீட்டில் அவள் சிரிப்பை இழந்துவிட்டு எந்த ஜாடியைக் குலுக்குவது?

விடுமுறையும் வந்தது, மச்சானும் வந்தார். பெரிய கூட்டம் வேண்டாம் என்று மனைவி வேறு யாரையும் அழைக்கவில்லை. சாப்பிடும்வரை இருவரும் மழையைப் பற்றியும் லிஃப்ட் கயிறுகளைப் பற்றியும் மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள். தட்டுகள் போனதும் மச்சான் பைக்குள் கைவிட்டுப் பச்சைப் பாட்டிலை எடுத்து வைத்தார்.

"புதுசா போட்டது, மாப்பிள்ளை. பிடிக்கலைன்னா விட்டுடுங்க."

கோப்பை நிறைந்தது. வாசனை மூக்கில் ஏறியதுமே டிங்கு மாமாவுக்குப் பற்பசை ஞாபகம் வந்துவிட்டது. நாக்கு துறுதுறுத்தது. எதிரே மனைவி மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போய் இசைக்கவையை எடுத்தது. தட்டினார், ஊன்றினார், கரண்டியால் ஒரு 'டிங்'.

"கம்மியா இருக்கு" என்றார் பழக்கதோஷத்தில்.

மச்சானின் முகம் இறுகியது. "என்ன கம்மி?"

"ஐயோ, ஸ்வரம் மச்சான், ஸ்வரம்!" என்று அவசரமாக ஒரு வாய் குடித்தார். குளிர்ச்சி உச்சந்தலைவரை போனது. பற்பசைதான், சந்தேகமே இல்லை. ஆனால் தொண்டையில் இறங்கும்போது அடியில் லேசாக ஏதோ கசந்தது. இது என்ன? 'டிங்'. "இன்னும் ஏறணும்." இன்னொரு வாய். எலுமிச்சைத் தோல்! போன தடவை இது இல்லை. "இன்னும் ஒரு துளி..." மூன்றாவது வாயில் பற்பசை போன இடம் தெரியவில்லை. மழைக்குப் பின் ஜன்னலைத் திறந்த மாதிரி இருந்தது.

"தோலைச் சீவிப் போட்டீங்களா, துருவியா?"

"துருவி." மச்சான் எச்சரிக்கையாகச் சொன்னார். "மூணு வருஷமா மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தேன். சிரிக்காதீங்க."

டிங்கு மாமா சிரிக்கவில்லை. கோப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் நாக்கில் வாங்கிக்கொண்டார். "இது நல்லாயிருக்கு மச்சான்" என்றார். மனைவி எட்டிப் பார்த்தார், வலது காது, பிறகு இடது காது. இரண்டும் இருந்த நிறத்திலேயே இருந்தன. பொங்கி வந்த சிரிப்பில் அவருக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

"அப்ப சுருதி சேர்ந்துடுச்சா, மாப்பிள்ளை?"

டிங்கு மாமா இசைக்கவையைச் சட்டைப் பையில் போட்டு, பொத்தானையும் மாட்டிவிட்டு, காலிக் கோப்பையை மச்சானிடம் நீட்டினார்.