மினசோட்டாவில் விசாரிக்க ஆளில்லை

அது ஒரு கறுப்பு வெள்ளைப் படம். ஆங்கிலப் பத்திரிகை ஒன்றின் உள்பக்கத்தில் வந்த அமெரிக்க வரைபடம். நாடு முழுக்கக் கறுப்பு மை. மேலே நடுவில், கனடாவோடு ஒட்டினாற்போல, ஒரு துண்டு மட்டும் வெள்ளை. 1984 நவம்பரில் அதை வெட்டி, மிச்சம் என்கிற லண்டன் புறநகரில் எங்கள் வீட்டுக் குசினியில் பிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தேன். இப்போது கணினியைத் திறந்தால் அதே படம் நிறம் நிறமாக வருகிறது. எந்த மாநிலத்தைத் தொட்டாலும் கணக்குச் சொல்கிறது. அன்றைக்கு இருந்தது அந்த ஒரு காகிதத் துண்டுதான். பால் எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அமெரிக்காவும் சேர்ந்து திறக்கும்.

எனக்கு அப்போது பதினேழு வயது. ஏ லெவலில் அரசியல் எடுத்திருந்தேன். மற்றப் பிள்ளைகளுக்குப் பாட்டுக் குழுக்கள் எப்படியோ, அப்படி எனக்கு அமெரிக்கத் தேர்தல். பதவியில் இருந்த ஜனாதிபதி ஐம்பது மாநிலங்களில் நாற்பத்தொன்பதை வாரிக்கொண்டு போனார். தலைநகரம் அவருக்குப் போடவில்லைதான், ஆனால் அது மாநிலக் கணக்கில் சேராது, படத்தில் ஒரு புள்ளியாகக்கூடத் தெரியாது. மிஞ்சி நின்றது மினசோட்டா ஒன்றுதான். ஒரு பெரிய நாடு முழுக்க ஒரு பக்கம் சாய, ஒரேயொரு மாநிலம் மட்டும் சாயாமல் நின்றதை நான் வீட்டில் எல்லாருக்கும் சொன்னேன், சிலருக்கு இரண்டு தரமும் சொன்னேன். அப்பா மட்டும், "எங்கட நாட்டிலை வோட்டுப் போட்டு என்னத்தைக் கண்டம்? இவள் ஆரின்ரையோ வோட்டை எண்ணிக்கொண்டு திரியிறாள்" என்றார்.

குஞ்சம்மா கேட்டுக்கொண்டிருப்பா. அம்மாவின் கடைசித் தங்கச்சி. எண்பத்துமூன்று ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு எங்களிடம் வந்து சேர்ந்தவ. ஊரில் கணிதம் படிப்பித்தவ; இங்கே அந்தச் சான்றிதழைக் கேட்பார் இல்லை. மாடியில் கட்டிலைப் போட்டால் கதவு முழுதாகத் திறக்காத ஒரு சின்ன அறை அவவுக்கு. என்னுடைய இரண்டு தம்பிமாரையும் பள்ளிக்கூடம் கொண்டுபோவதும் கூட்டிவருவதும் சமைப்பதும் அவதான். அப்பாவுக்கு பெட்ரோல் ஸ்டேஷனில் பகல் ஷிப்ட், அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் பின்னேர ஷிப்ட். இரண்டுக்கும் நடுவில் இருந்த பாலம் குஞ்சம்மா. அந்தப் பாலத்துக்கு வயது முப்பத்துநாலு, கல்யாணம் ஆகவில்லை, வீட்டில் அதைப்பற்றி அதிகம் கதைப்பதும் இல்லை.

அடுத்த வருஷம் வசந்தத்தில் ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை எங்கள் ஊருக்கு இரண்டு ஊர் தள்ளி. படிக்கப் போய், பத்துப் பன்னிரண்டு வருஷமாக அமெரிக்காவிலேயே எஞ்சினியர். எந்த இடம் என்று பார்த்தால், மினசோட்டா. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். பிரிட்ஜில் நான் வெள்ளையாக ஒட்டிவைத்த இடத்திலிருந்தே ஒரு மனிதர் கேட்டு வந்திருக்கிறார்.

எங்கள் ஆட்களுக்குக் கல்யாணத்தில் சாதகப் பொருத்தம் முதல் படிதான். பெரிய பரீட்சை விசாரிப்பு. மாப்பிள்ளை பாரிஸில் என்றால் பாரிஸில் ஒரு பெரியப்பாவின் மகன் இருப்பார். அவர் தற்செயலாகப் போவதுபோல மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், ஒரு தேத்தண்ணி குடித்து, குளியலறையில் எத்தனை டூத்பிரஷ் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து போன் பண்ணுவார். ஜெர்மனி, சுவிஸ், சிட்னி, எங்கேயும் ஒருவர் உண்டு. மினசோட்டாவில் ஒருவரும் இல்லை. அம்மாவின் தமையன், அப்டன் பார்க்கில் மரக்கறிக்கடை வைத்திருந்த பெரிய மாமா, கடைசி நம்பிக்கையாக டொராண்டோவில் இருந்த ஒரு சொந்தக்காரருக்குப் போன் எடுத்துக் கேட்டார். "படத்திலை பாத்தா பக்கம்போலைதான் கிடக்கும் அண்ணை. விடிய வெளிக்கிட்டா அடுத்தநாள்தான் போய்ச் சேரலாம். லீவு இல்லை" என்று பதில் வந்தது. மாப்பிள்ளையின் குடும்பம் திறம், சாதகம் திறம். அந்தப் பத்துப் பன்னிரண்டு வருஷம் மட்டும் இருட்டாகக் கிடந்தது.

ஆளை விசாரிக்க முடியாவிட்டால் ஊரையாவது விசாரிப்போம் என்று மாமா முடிவுகட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், முருங்கைக்காய்ப் பையோடு மாமியையும் கூட்டிக்கொண்டு வந்து குசினி மேசையடியில் இருந்தார். மாமா ஒரு கோயில் கமிட்டியின் செயலாளர். கமிட்டியில் எப்படியோ அப்படித்தான் வீட்டிலும் கதைப்பார்.

"மருமேள், நீ அமெரிக்காவிலை கரைகண்டவள். சொல்லு பாப்பம், அந்த ஊர்ச்சனம் என்ன மாதிரி?"

பிரிட்ஜிலிருந்து படத்தை உரித்து மேசையில் விரித்தேன். யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்த கேள்வி. நாற்பத்தொன்பதுக்கு ஒன்று என்று தொடங்கிக் கைகாலெல்லாம் ஆட்டிச் சொன்னேன்.

அப்பா படத்தை ஒருதரம் பார்த்தார். "ஊருலகம் ஒரு பக்கம் நிக்க, இவை மட்டும் மற்றப் பக்கமோ? விதண்டாவாதம் பிடிச்ச சனம். அதுக்குள்ளை போய் எங்கட பிள்ளை சீவிக்கிறதோ?"

"இல்லையப்பா. தோத்தவர் அவேன்ரை ஊர்ப்பிள்ளை. முந்தித் துணை ஜனாதிபதியா இருந்தவர். சொந்தப் பிள்ளை எண்டு போட்டிருக்கினம்."

மாமாவின் முகம் தெளிந்தது. "அது நல்ல குணம். சொந்தப் பிள்ளையை விட்டுக்குடுக்காத சனம்." மாமியும் தலையாட்டினா.

"அந்த ஆள் அங்கை எவ்வளவாலை வெண்டவர்?" என்றார் அப்பா.

எனக்குப் பொய் வராது, அதுவும் தேர்தல் விஷயத்தில். இருபது லட்சம் பேர் போட்ட இடத்தில் நாலாயிரத்துக்கும் குறைவான வாக்கு என்றேன்.

"பாத்தியளே. அரைவாசிச் சனம் பெத்த பிள்ளையையே கைவிட்டிட்டுது."

குஞ்சம்மா ஒரு ஓரமாக நின்று முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்தவ, திரும்பாமலே சொன்னா: "அத்தான் மினசோட்டாவைத் திருத்தி எடுத்தாப்பிறகுதான் நான் போகலாம்போலை." மாமி சிரிப்பை அடக்கினா. குஞ்சம்மா கத்தியை வைத்துவிட்டுத் திரும்பினா. "அந்தப் படத்தை விட்டிட்டு உள்ளதைக் கதையுங்கோ. நான் போனா பெடியளை ஆர் பள்ளிக்கூடம் கொண்டுபோறது? அதுதானே?"

அதுதான். அப்பா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல வரவில்லை. ஒரு ஷிப்ட் போனால் வீட்டுக்கடன் ஆடும், வீட்டுக்கடன் ஆடினால் எல்லாம் ஆடும். ஆனால் ஒரு மனிதர் அதை நேராகச் சொல்ல மாட்டாமல் இருபது லட்சம் அமெரிக்கரின் குணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. குஞ்சம்மாவுக்கு அது முதல் நாளே விளங்கியிருக்க வேண்டும். இது போனால் இன்னொன்று வராது என்பதும் அவவுக்குத் தெரியும், எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

"சரி, கதைச்சது காணும்" என்றார் மாமா. "இந்தச் சம்பந்தம் வேண்டாம் எண்டிறவை கையை உயர்த்துங்கோ." தானே முதலில் உயர்த்தினார். விசாரிக்காத இடத்தில் தங்கச்சியைக் கொடுக்க அவருக்கு உண்மையாகவே பயம். மாமி அவருடைய கையைப் பார்த்து உயர்த்தினா. அப்பாவின் கை மெதுவாக எழும்பியது.

நான் வாயைத் திறக்க முன்னம், "படிக்கிற பிள்ளையளுக்கு வோட்டு இல்லை" என்றார் மாமா.

"எனக்கு?" என்றா குஞ்சம்மா.

"உன்ரை விஷயத்திலை நீ போடப்படாது. கமிட்டியிலையும் அப்பிடித்தான்."

ஒழுங்கு ஒழுங்குதானே என்று, "வேணும் எண்டிறவை?" என்றும் கேட்டார். கேட்டுவிட்டு, "ஒருத்தரும் இல்லை. ஏக..." என்று இழுத்தவர் நின்றுவிட்டார். அம்மா கையை உயர்த்தியிருந்தா. அன்றைக்கு ஓவர்டைம். கோட்டுப் போட்டு, பையைத் தோளில் கொழுவி, குசினிக் கதவடியில் வெளிக்கிட்டபடி நின்றா. எல்லாவற்றையும் அங்கிருந்தே கேட்டிருந்தா.

"என்ன பிள்ளை, பஸ்ஸுக்கு நேரமாச்சோ?"

"நேரமாச்சுத்தான். கை அதுக்கில்லை."

மாமா கொஞ்சம் முன்னுக்கு நகர்ந்து இருந்தார். "யோசிச்சோ சொல்லுறாய்? இவள் போனா முறியப்போறது நீதான்."

"ஓம்."

"பிறகேன்?"

"அவள் போகட்டும்."

"மூண்டு பேர் வேண்டாம் எண்டுறம். கையை இறக்கு."

"இறக்கேலாது அண்ணை."

அமெரிக்காவாக இருந்தால் மூன்றுக்கு ஒன்று என்று எழுதிவிட்டு எழும்பிப் போயிருப்பார்கள். மினசோட்டாவிடம் போய்க் கையை இறக்கு என்று எவரும் கெஞ்சவில்லை, தேவையும் இருக்கவில்லை. மாமாவின் கமிட்டி வேறு மாதிரி. அங்கே எந்தத் தீர்மானமும் ஏகமனதாகத்தான் நிறைவேறும். ஒத்துக்கொள்ளாதவர் இருந்தால் தேத்தண்ணி குடித்து, பழங்கதை கதைத்து, அவர் களைக்கும்வரை எல்லாரும் இருப்பார்கள். ஒரு கை நிற்கும்போது கூட்டத்தை எப்படி முடிப்பது என்று அந்த மனிதருக்கு நிசமாகவே தெரியாது. அதனால் காத்திருந்தார். எல்லாரும் காத்திருந்தோம். யன்னலுக்கு வெளியே அம்மாவின் பஸ் வந்து, நின்று, போனது. அம்மா அதைப் பார்த்தா. கை நோகத் தொடங்கியிருக்கும். மற்றக் கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டா. குஞ்சம்மா எவரையும் பார்க்காமல் சிங்க்கில் தண்ணீரைத் திறந்துவிட்டா.

கடைசியில் மாமாதான் களைத்தார். "தங்கச்சிப் பாசம். என்ன செய்யிறது" என்று கையை இறக்கினார். மாமியின் கை எப்போது இறங்கியது என்று நான் கவனிக்கவில்லை. அப்பா கையை இறக்கியபடி, "அப்ப பெடியள்..." என்று தொடங்க, "அதை நான் பாக்கிறன்" என்றா அம்மா. மாமா மேசையில் ஒருதரம் தட்டி, "சரி, ஏகமனதாக" என்றார். அம்மா அடுத்த பஸ்ஸுக்கு நடந்தா.

அந்த இலையுதிர்காலத்தில் குஞ்சம்மா போனா. மாப்பிள்ளையிடம் ஒளித்துவைக்க ஒன்றும் இருக்கவில்லை. வேலை, பனி வெட்டுதல், சனிக்கிழமைகளில் பழைய கார் ஒன்றைக் கழற்றிப் பூட்டுதல், அவ்வளவுதான் அந்த இருட்டான வருஷங்கள். அம்மா சலவைப் பகுதியை விட்டுவிட்டு, விடியப்புறம் அலுவலகங்கள் துடைக்கும் வேலைக்கு மாறினா. சம்பளம் குறைவு, ஆனால் தம்பிமாரை எழுப்பும் நேரத்துக்கு வந்துவிடலாம். பின்னேரம் அவர்களைக் கூட்டிவருவது என் தலையில் விழுந்தது. பல்கலைக்கழகத்துக்கு ஸ்கொட்லாந்து போகும் எண்ணத்தை விட்டு, பஸ்ஸில் போய்வரக்கூடிய ஒன்றைப் பிடித்தேன். காலியான அந்தச் சின்ன அறைக்கு ஆள் வைக்கலாம் என்று அப்பா சொன்னார். அம்மா மாட்டேன் என்றா. கேட்டதற்குக் காரணமும் சொல்லவில்லை. அரிசி மூட்டை வைக்கும் அறையானது அது.

மாமா இந்தக் கதையைக் கடைக்கு வருவோருக்கெல்லாம் சொன்னார். ரத்தப் பாசம் என்றால் அதுதான், மினசோட்டாக்காரர் சொந்தப் பிள்ளைக்குப் போட்டதுபோல என் தங்கச்சி தங்கச்சிக்குப் போட்டாள் என்பார். என் விளக்கம் அப்டன் பார்க்கில் இப்படி ஒரு பழமொழிபோல உலாவியது எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

பிறகு எண்பத்தெட்டில் தேர்தல் வந்தது. இந்தமுறை மினசோட்டாவின் பிள்ளை ஒருவரும் போட்டியில் இல்லை. அப்படியிருந்தும் அந்த மாநிலம் முன்போல அதே கட்சிக்கே போட்டது, தோற்ற பக்கத்திலேயே மறுபடியும் நின்றது. இம்முறை தனியாக இல்லை, கூட இன்னும் ஒன்பது மாநிலங்கள். அதற்குப் பின் வந்த தேர்தல்களிலும் அது மாறவில்லை என்பதை இப்போது சேர்த்துக்கொள்ளலாம். சொந்தப் பிள்ளைக் கதை அந்தச் சில ஆயிரம் வாக்குகளை விளக்கும். மற்ற லட்சக்கணக்கானோர் அவர் எந்த ஊர் என்றாலும் போட்டிருப்பார்கள்.

எண்பத்தெட்டின் முடிவு வந்த அந்தக் காலையில் என்னால் இருப்புக்கொள்ள முடியவில்லை. அம்மா வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முன்னமே பிடித்துக்கொண்டேன்.

"அம்மா, நான் மாமாவுக்குச் சொன்னது பிழை. சொந்தப் பிள்ளை எண்டதாலை இல்லை. சரியெண்டு பட்டதுக்குத்தான் போட்டிருக்கினம்."

"எவை?"

"மினசோட்டாக்காரர்."

அம்மா படியில் இருந்துகொண்டு ஒரு சப்பாத்தைக் கழற்றினா. "உன்ரை மாமா இப்பவும் சொல்லிக்கொண்டு திரியிறார், தங்கச்சி எண்டுதான் நான் கை உயர்த்தினது எண்டு."

"பின்னை, அதுக்கில்லையோ?"

அம்மா மற்றச் சப்பாத்தின் நாடாவை அவிழ்த்தா. முடிச்சு இறுகிக் கிடந்தது.

"தங்கச்சி எண்டு பாத்திருந்தா அவளை அவ்வளவு தூரம் போக விட்டிருப்பனோ?" என்றா.