எமிலியானுஸும் நித்திரைக் கண்ணாடியும்

முழங்கை வரை நுரை. எமிலியானுஸ் விரல்களை ஒவ்வொன்றாக உருவிக் கழுவுகிறார்; நகக்கண், விரலிடுக்கு, மணிக்கட்டு, மறுபடியும் நகக்கண். மொண்டெல்லோக் கடற்கரை உணவகம் ஒன்றில் நாள் முழுவதும் வாள்மீன் வெட்டி, கணவாய் உரிக்கும் கைகள் அவை. முன்பெல்லாம் மீன் வாடை போக எலுமிச்சை தேய்ப்பார். இப்போது இல்லை. "பிள்ளையின்ரை கண் எரியுமெல்லே. பஸ்ஸிலை ஆக்கள் தள்ளித்தான் இருக்கினம். இருக்கட்டும்."

பிள்ளை மொனிகாவுக்கு ஒன்பது வயது. கிட்டப்பார்வை. வருடாவருடம் கண்ணாடி தடித்துக்கொண்டே போனது. கடைசியில் கண் டாக்டர் ஒரு சின்ன லென்ஸைக் கொடுத்தார். படுக்கும்போது கண்ணில் வைத்தால், தூக்கத்திலேயே அது கருவிழியின் வளைவை மெல்லத் திருத்துமாம். காலையில் கழற்றிவிட்டால் பகலுக்குக் கண்ணாடி வேண்டாம். பார்வை மேலும் கெடும் வேகமும் குறையலாம். "பத்து நாள் பாப்பம். எல்லாருக்கும் சரிவாறதில்லை" என்றும் அவர் சொல்லியிருந்தார்.

கண்ணில் விரல் படுவதைப் பார்த்தாலே மனைவி றோசமலருக்குத் தலை சுற்றும். ஆகவே அவர் நடையில் நின்று கண்களின் காவலியான புனித லூசியாவை மன்றாட, உள்ளே எமிலியானுஸ் வேலையைத் தொடங்கினார். முதல் நாள் முக்கால் மணி நேரம். லென்ஸ் கன்னத்தில் ஒட்டியது, மூக்கில் ஒட்டியது, பிறகு காணாமலே போனது. கட்டிலுக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்த தகப்பனைப் பார்த்து மொனிகா சொன்னாள்:

"பப்பா, ஃபெர்மோ, அசையாதையுங்கோ. மீசையிலை நிக்குது."

மூவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. லென்ஸை மருந்துத் தண்ணீரில் அலசி எடுக்கும்போதும் அவருடைய தோள்கள் குலுங்கின.

மூன்று நாட்கள் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. கரும்பலகை மங்கல் என்று பிள்ளை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள். எமிலியானுஸுக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் காலை லென்ஸைக் கழற்றியதும் மொனிகா பல்கனிக்குப் போனாள். அவர்கள் குடியிருக்கும் அல்பெர்கேரியாவின் ஒடுங்கிய தெருவுக்கு மேலே கொடிகளில் உடுப்புகள் ஆடிக்கொண்டிருந்தன. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருக் கோடிவரை பார்த்தாள்.

"பப்பா, அந்தக் கடைசி வீட்டு நாலாம் மாடியிலை காயிற காற்சட்டையிலை ஓட்டை."

"எத்தினை ஓட்டை?"

"ரெண்டு. ஒண்டு பெரிசு."

நோபல் பரிசு கிடைத்தவரைப் போல எமிலியானுஸ் படியிறங்கினார். பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம், பல்லாரோச் சந்தையின் தக்காளி விலை, மருந்துக்கடைப் பலகை, பஸ்ஸின் நெற்றி எழுத்து என்று ஒன்று விடாமல் வாசிக்கவைத்தார். அன்று வேலைக்கு நாற்பது நிமிடம் பிந்தினார். தலைமைச் சமையல்காரர் கத்தியபோது, "ஸி, ஸி", ஓம் ஓம் என்று அவரைக் கட்டிப்பிடித்துவிட்டார்.

போன ஞாயிறு மொனிகா முதன்முறையாகக் கண்ணாடி இல்லாமல் கடலில் இறங்கினாள். உணவகத்தின் பின்வாசலில், ஏப்ரனோடு நின்ற எமிலியானுஸ் மூன்று விரல்களை உயர்த்திக் காட்டினார். தூரத்து அலையிலிருந்து ஒரு சின்னக் கை எழுந்தது.

"எத்தினை காட்டுறாள்?" என்று, கோப்பை கழுவும் டெனிஸ்டனிடம் கேட்டார்.

"மூண்டு. உங்களுக்குத் தெரியேல்லையோ அண்ணை?"

கண்ணை இடுக்கிக் கடலையே பார்த்தபடி, மற்றக் கையையும் சேர்த்து எட்டு விரல்களை உயர்த்தினார் எமிலியானுஸ்.