மாமாவுக்குச் செய்த உறைதயிர்

மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்க, அதன் அடியிலேயே உட்கார்ந்திருந்த மாமாவின் சட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கையில் காலிக் கிண்ணம். கரண்டி மடியில் விழுந்து கிடந்தது. "மாமா" என்றேன். நிமிர்ந்து, முன்பின் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்து, "டிக்கெட் வாங்கிட்டீங்களா? எங்கிட்டு எறங்கணும்?" என்றார். என் மாமனார் ஆயுளில் பாதியைப் பஸ்ஸில் கண்டக்டராக நின்றே கழித்தவர். ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிவிட்டது. என்னை அவர் "தாயி" என்று தவிர வேறுமாதிரி கூப்பிட்டதே இல்லை. விளையாடுகிறாரோ என்று சிரிக்கப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

திருவரங்குளத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்த வீட்டுக்கு நான் மருமகளாகப் போனபோதே மாமாவுக்குச் சர்க்கரை வியாதி முற்றியிருந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி. காலில் ஒரு புண் வந்து, ஒரு விரலையே எடுத்தார்கள். அதிலிருந்து அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, சீனி என்றாலே விஷம். காப்பிக்குக்கூட எங்களுக்கு அளந்துதான் தருவார். சீனி டப்பாவை எங்கே ஒளித்து வைக்கிறார் என்று எனக்கும் தெரியாது, துபாயில் இருந்த என் வீட்டுக்காரருக்கும் தெரியாது. மாமாவோ ஐஸ்கிரீம் பைத்தியம். வேலையில் இருந்த நாளில் அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் டிரிப்புக்கு ஒரு கப் சாப்பிட்ட மனுஷர்!

விரல் எடுத்த புண் ஆறிக் கட்டுப் பிரித்ததும், "ஞாயித்துக்கெழம எனக்கு ஐஸ்கிரீம் வேணும்" என்று குழந்தை மாதிரி ஒற்றைக்காலில் நின்றார். அத்தை மறுக்கவில்லை. எனக்கே ஆச்சரியம். புதுக்கோட்டைக்குப் போயிருந்தபோது புதிதாகத் திறந்த கடையொன்றில் உறைதயிர் என்று, ஃப்ரீசரில் உறையவைத்த தயிரை விற்பதைப் பார்த்திருக்கிறார். ஐஸ்கிரீம் மாதிரியே இருக்கும், கொழுப்பு குறைச்சல், உடம்புக்கு லேசு என்றார்களாம். வாங்கி ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "லேசாவது ஒண்ணாவது, இதுலயும் சீனியத்தானே கொட்டியிருக்கீங்க" என்று சண்டை போட்டுவிட்டு வந்தவர், வீட்டிலேயே செய்ய முடிவு பண்ணிவிட்டார். கெட்டித் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, ஏலக்காயும் சீனிக்குப் பதில் நாலைந்து இனிப்பு மாத்திரையும் பொடித்துப் போட்டு, கட்டி தட்டாமல் இருக்க அடிக்கடி ஃப்ரீசரைத் திறந்து கிளறிக்கொண்டே இருந்திருக்கிறார். எல்லாம் நான் அம்மா வீட்டுக்குப் போயிருந்த சனிக்கிழமை நடந்தது. எங்களிடம் கடை ஐஸ்கிரீம் என்றுதான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஊசி போட்டுக்கொண்ட மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "ஐஸ்கிரீமுக்குச் சேத்துக் கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கிட்டேன் தாயி. ஒங்க அத்தைட்ட சொல்லிறாத." எனக்குப் பக்கென்றது. ஆனால் கூடுதல் இனிப்புக்குக் கூடுதல் மருந்து என்பது கணக்காகத்தானே பட்டது. வயிற்றில் இடம் வேண்டும் என்று சோற்றை இரண்டு கைப்பிடியோடு நிறுத்திக்கொண்டார். கிண்ணம் வந்ததும் ரசித்துச் சாப்பிட்டார். இன்னொரு கிண்ணமும் கேட்டு வாங்கினார். அத்தை முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

அதற்கப்புறம்தான் அந்த வேர்வை. என் அலறல் கேட்டு ஓடிவந்த அத்தை அவரைப் பார்த்ததுமே, "பாவி மனுசன், எங்கயோ திருட்டுத்தனமா இனிப்பத் தின்னுருக்காரு! சுகர் ஏறிப்போச்சு!" என்று ஊசியை எடுக்கப் பாய்ந்தார். சோதித்துப் பார்க்கும் பட்டையும் தீர்ந்து போயிருந்தது. "ஐஸ்கிரீம் தவிர ஒண்ணும் சாப்பிடல அத்தை" என்றேன். "ஐஸ்கிரீமா? அது வெறும் தயிருடி! ஒரு கரண்டி சீனிகூடப் போடல!"

 அத்தை கையில் இருந்த ஊசியை எட்டிப் பிடித்துக்கொண்டேன். மாமியார் கையைப் பிடித்து இழுத்தது வாழ்க்கையிலேயே அந்த ஒருமுறைதான். "அத்தை, அவரு ஊசியக் கூட்டிப் போட்டிருக்காரு! ஐஸ்கிரீம்னு நெனச்சுக் கூட்டிப் போட்டிருக்காரு! சுகர் ஏறல, எறங்கிருச்சு. சீனி எங்க?" அத்தை என்னை வெறித்துப் பார்த்தார். சீனி கொடுத்தால் செத்துப்போவார் என்று அத்தனை வருஷம் காவல் காத்தவர், அதை எடுத்துக் கொடு என்றால் எப்படிக் கொடுப்பார்? மாமாவின் தலை ஒருபக்கமாகச் சரிந்தது. "சத்தியமா சொல்றேன் அத்தை!" என்று கத்தினேன். கத்திய எனக்குமே உள்ளுக்குள் சந்தேகம். நான் நினைத்தது தப்பாக இருந்தால் என் கையாலேயே அவரைக் கொன்றவள் ஆவேன். அத்தை அடுப்படிக்கு ஓடி, அரிசி டிரம்முக்குள் முழங்கைவரை கையை விட்டுத் துழாவினார். அரிசி தரையெல்லாம் சிதறியது. அடியிலிருந்து டப்பா வந்தது.

சீனித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக உதட்டில் விட்டோம். விழுங்கினார். பாதி டம்ளர் இறங்குவதற்குள் எனக்கு ஒரு யுகம் போனது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில்தான் "தாயி" என்றார். நான் ஓவென்று அழுதுவிட்டேன். அத்தை அழவில்லை. கோபமாக, தான் ஏமாற்றியதைத் தானே சொன்னார். "அது ஐஸ்கிரீம் இல்லைங்க, தயிரு."

"மொதக் கரண்டியிலயே தெரிஞ்சுபோச்சு. புளிச்சுதே" என்றார் மாமா.

"தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே!"

"நேத்துப் பூரா ஃப்ரீசருக்கும் அடுப்படிக்குமா நடந்தியே. நல்லால்லைன்னு எப்புடிச் சொல்றது?"

அத்தை அவர் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார். பிறகு அந்தக் கையை அங்கிருந்து எடுக்கவே இல்லை.

மாமா காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. அது சர்க்கரையால் அல்ல, தூக்கத்தில் வந்த சாவு. இன்று புதுக்கோட்டையில் என் மகள் உறைதயிர் வாங்கிச் சாப்பிடும்போது நான் கிண்ணத்தைப் பார்ப்பதில்லை, வேர்க்கிறதா என்று அவள் நெற்றியைத்தான் பார்க்கிறேன். அத்தை இன்னும் திடமாக இருக்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் கடைசிச் சோற்றுக்குத் தயிர் ஊற்றும்போது, கரண்டியைச் சாய்க்காமல் பிடித்துக்கொண்டு, "இதுல சீனி போடலைங்க" என்கிறார். தயிரில் யார் சீனி போடப்போகிறார்கள் என்று வந்தவர்கள் சிரிக்கிறார்கள். "சரிங்க" என்று அவர்கள் வாய்விட்டுச் சொல்லும்வரை அத்தை ஊற்றுவதில்லை.