கோடையில் எடுத்த படங்கள்

எண்பதுகளின் நடுப்பகுதியில், டென்மார்க்கில், சில்க்போர்க் நகரின் அகதி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவரின் தம்பி, இத்தாலியில் ஒளிந்திருந்தான். அல்ப்ஸ் மலையைக் கால்நடையாகக் கடந்து சுவிஸுக்குள் நுழைய வேண்டும். நான் புவியியல் பட்டதாரி என்பதால் வழியைப் பார்த்துச் சொல்லும்படி, நான் அண்ணை என்று கூப்பிடும் அந்த அறைத்தோழர் கேட்டார்.

நூலகத்தில், அவன் கடக்க வேண்டிய கணவாய்ச் சாலையைப் பற்றிய படப் புத்தகம் இருந்தது. அகராதியின் துணையோடு வாசித்தேன். ரோமர் பாறையில் வெட்டிய தடம்; பிரெஞ்சுப் படை பீரங்கிகளைக் குடைந்த மரங்களில் கிடத்தி இழுத்த சரிவு; உச்சியில், வழிப்போக்கருக்காகத் துறவிகள் நூற்றாண்டுகளாக நடத்தும் மடம். அதன் அருகே ஒரு கல்வீடு. பனியில் இறந்தவர்களை அங்கேதான் வைத்தார்கள். உறைந்த மண்ணில் குழி தோண்ட முடியாது. சாலை யூன் மாதத்தில்தான் திறக்கும் என்றும் எழுதியிருந்தது. அப்போது மே தொடங்கியிருந்தது.

"அண்ணை, அங்கை இன்னும் பனி கரையேல்லை. ஒரு மாதம் பொறுக்கச் சொல்லுங்கோ."

"படிச்சுப் படிச்சு நீர் பயந்திட்டீர், தம்பி. போன கிழமை ஹிம்மல்பியரிலை செருப்போடை ஏறினனாங்கள்தானே? மூச்சு வாங்கினது நீர்தான்!" வரைபடத்தில் விரலை வைத்து அளந்தார். "யாழ்ப்பாணத்திலையிருந்து சாவகச்சேரிக்குப் போற தூரம்."

ஹிம்மல்பியர், டென்மார்க்கில் மலையென்று பெயர்பெற்ற குன்று. அதன் உச்சியில் ஐஸ்கிரீம் விற்றார்கள். சமதரையில் பிறந்து சமதரைக்கே வந்து சேர்ந்த எங்களுக்குத் தூரம் தெரியும், உயரம் தெரியாது. பொறுப்பதும் ஆபத்தாகவே இருந்தது. தம்பி ஒளிந்திருந்த வீட்டுக்குப் பொலிஸ் ஒருமுறை வந்து போயிருந்தது. பிடிபட்டால் கொழும்புக்குத் திருப்பி அனுப்புவார்கள். அங்கே என்ன நடக்கும் என்பதை நாங்கள் அறிவோம். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஓர் உயிர் என்ற நிலையில், என்னால் ஒன்றை மட்டுமே சொல்ல முடிந்தது.

"வெளிக்கிட்டால் ஒளிய வேண்டாம். நேரை மடத்துக் கதவைத் தட்டச் சொல்லுங்கோ."

"ஓம், சொல்லுறன்" என்று தொலைபேசிக் கூண்டுக்குப் போனார்.

சில நாட்களின் பின், விடுதியைப் பார்த்துக்கொண்ட டேனிஷ் பெண்மணி செய்தியோடு வந்தார். மடம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், துறவிகள் தம்பியைப் பனிக்குள் கண்டெடுத்திருந்தார்கள். காலில் மெல்லிய சப்பாத்து. உயிர் இருக்கவில்லை.

அண்ணை அழவில்லை. புத்தகத்தைக் கேட்டார். மடம் தெரிந்த பக்கத்தை விரித்தேன். நீல வானம், மஞ்சள் பூக்கள், கார்களில் சாய்ந்து நின்று சிரிக்கும் உல்லாசப் பயணிகள்.

"பனி இருக்கிற படம் இல்லையோ?"

கடைசிப் பக்கம்வரை புரட்டினேன். எல்லாமே கோடையில் எடுத்தவை. அவர் புத்தகத்தைத் தன் மடிக்கு இழுத்து, பூக்களுக்கு நடுவே போகும் சாலையில் விரலை வைத்து மடம்வரை அளந்தார்.

"இவ்வளவு தூரம்தானே, தம்பி" என்றார்.