கடைசிப் பாறையின் நடுவர்

பண்டார் பாரு அருகே ஒரு செம்பனைத் தோட்டத்து ஓடையில் மோட்டார் சைக்கிள் டிரையல்ஸ் போட்டி நடக்கிறது. வேகத்துக்கு இங்கே மதிப்பில்லை. கால் ஊன்றாமல் பாறைகளில் ஏற வேண்டும். ஊன்றினால் புள்ளி ஏறும், குறைந்த புள்ளிக்காரரே வெல்வார்.

கடைசிப் பாறைக்கு நடுவர் சாந்தி அக்கா. இதுவரை ஒரு புள்ளிகூட வாங்காமல் வருபவர் அவருடைய கணவர் முருகன். உச்சியில் முருகனின் பூட்ஸ் நுனி பாறையைத் தொட்டு மீள்கிறது. அக்கா ஒரு விரலை உயர்த்துகிறார்.

"எனக்குத் தெரியவே இல்லையே அக்கா. விட்டிருக்கலாம்," என்கிறேன், பக்கத்தில் நின்று புள்ளிகளைக் குறித்துக்கொண்டிருக்கும் நான்.

"அவருக்குத் தெரியும் லா தம்பி. விட்டா, அந்தக் கோப்பைய வீட்டுல வைக்க மாட்டாரு."

அந்த ஒரு புள்ளியில் முதலிடம் போகிறது. முருகன் நேராக அக்காவிடம் வந்து தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நீட்டுகிறார்.

"சரியாத்தான் பாத்த. காலையிலேருந்து வெயில்ல நிக்கிற, குடி."