பரியாரியார் கதவைச் சாத்திக் கலந்த மருந்து

நாட்டு வைத்தியர் வீரகத்திப் பரியாரியாரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று முரசுமோட்டைச் சனம் அவரைப் புகழ்ந்துகொண்டிருக்க, மயில்வாகனம் பந்தலின் ஓரத்தில் இருந்தான். நாற்பத்திரண்டு வயது. காலையில் வயல், பின்னேரம் பரியாரியார் வீட்டில் மருந்தரைப்பு என்று பதினொரு வருடம் போயிருந்தது. அவர் இறந்த பிறகு காய்ச்சல்காரர் அவனிடந்தான் வந்தார்கள்.

"ஐயாவின்ரை கை பட்டால் காய்ச்சல் எழும்பி ஓடும்" என்றார் ஒருவர்.

"இப்ப காய்ச்சல் சப்பாணி கட்டிக் குந்தியெல்லோ இருக்குது" என்றான் சின்னராசா. பந்தல் சிரித்தது. மயில்வாகனம் சிரிக்கவில்லை.

அறுபத்தெட்டாம் ஆண்டு அது. நடுக்கற் காய்ச்சல் என்ற மலேரியா வன்னிக்குத் திரும்பி வந்திருந்தது. அரசாங்கம் கொடுத்த வெள்ளைக் குளிசை மாத்திரையைச் சனம் வாங்கி வேலிக்கு அப்பால் எறிந்தது; குடித்தால் குடல் வெந்துபோகும் என்று ஊரில் கதை. பரியாரியாரின் கறுத்த உருண்டைக்கு மூன்று நாளில் நடுக்கம் நின்றது. அதே நிலவேம்பு, அதே சுக்கு, அதே அம்மி. ஆனால் மயில்வாகனம் உருட்டியதற்கு எதுவும் நிற்கவில்லை. அவன் மனைவி இரஞ்சிதமே ஒரு கிழமையாகச் சாக்குகளைப் போர்த்தும் நடுங்கிக்கொண்டு கிடந்தாள்.

ஐயா எதையோ ஒளித்திருக்கிறார்.

அரைத்து முடிந்ததும், உருட்டுவதற்கு முன், அவர் எப்போதும் அவனை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்துவார். மந்திரம் செபிக்கிறார் என்று அவன் முற்றத்தில் வாய்பொத்தி நிற்பான். செபிக்கிறவருக்குக் குழவிச் சத்தம் எதற்கு என்று அவன் அன்று கேட்டுக்கொள்ளவில்லை. ஒருவரை மதிப்பதற்கு அவரை அரைகுறையாக அறிந்திருப்பது பெரிய உதவி. மரணம் அந்த உதவியை எடுத்துவிடுகிறது.

பரியாரியாரின் மனைவி அன்னபாக்கியம் அலுமாரித் திறப்பை இடுப்பில் செருகியிருந்ததையும் அவன் கவனித்தான். சனம் கலைந்ததும் குசினிக்குப் போனான்.

"அம்மா, ஐயா கடைசியாய்ச் சேர்க்கிற சாமான் என்னெண்டு சொல்லுங்கோ."

"எந்தச் சாமான்?"

"எனக்கு ஒளியாதேங்கோ. உங்கடை செட்டிகுளத்து மருமோனுக்கெண்டுதானே வைச்சிருக்கிறியள்?"

"அந்தச் சோம்பேறிக்கோ? அவன் வெந்நீர் வைச்சாலும் அடிப்பிடிக்கும்."

"இரஞ்சிதத்துக்குக் கண்ணெல்லாம் மஞ்சளிச்சுப் போச்சு அம்மா."

அன்னபாக்கியத்தின் முகம் மாறியது. "ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகேல்லையோ?"

"பரியாரியின்ரை பெண்சாதி ஆசுப்பத்திரி வாசல்லை நிண்டால், நாளைக்கு என்ரை மருந்தை ஆர் குடிப்பினம்?"

"அவரும் அந்த வாசல்லை நிண்டவர்தான், தம்பி."

அலுமாரியைத் திறந்து ஒரு தகரப் பேணியை எடுத்து நீட்டினார். உள்ளே கொஞ்சம் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது.

"செவ்வாய்க்கிழமையிலை கோயிலுக்கெண்டு சொல்லிப்போட்டுப் போறது ஆசுப்பத்திரி அப்போதிக்கரியிட்டை. காய்ச்சல்காரரின்ரை பேரெல்லாம் சொல்லிக் குளிசை வாங்கி வந்து, இடிச்சுக் கலக்கிறவர். வேர்மருந்தெண்டால் குடிப்பினம், வெள்ளைக் குளிசையெண்டால் எறிவினம் எண்டு சொல்லுவார்."

மயில்வாகனம் நம்பவில்லை. தூளை விரலில் தொட்டு நாக்கில் வைத்தான். கசந்தது. நிலவேம்பின் கசப்பு அல்ல.

"எனக்கேன் சொல்லேல்லை?"

"நீ அந்தாளைத் தெய்வமாயெல்லோ நினைச்சனீ. உன்ரை முகத்தைப் பாக்க வெக்கப்பட்டவர்."

வெட்கமா, சூதா? நடந்து வரும்போது அவனால் தீர்மானிக்க முடியவில்லை. எத்தனையோ பேரை அவர் சாகாமல் வைத்திருந்தார். அவர்கள் எல்லோரும் ஆசுப்பத்திரியை இன்னும் கொஞ்சம் வெறுத்துக்கொண்டுதான் வீடு போனார்கள். அதுவும் அவர் செய்த காரியந்தான். இன்று அவன் வீட்டில் ஒருத்தி நடுங்கிக்கொண்டு கிடப்பதும் அதனால்தான்.

விடிந்ததும் இரஞ்சிதத்தை மாட்டுவண்டிலில் ஏற்றி ஆசுப்பத்திரிக்குப் போனான். வரிசையில் சின்னராசா, காலில் மண்வெட்டிக் காயத்தோடு நின்றான்.

"என்ன பரியாரியார், இஞ்சாலைப் பக்கம்? ஐயாவின்ரை மருந்து கைவிட்டிட்டுதோ?"

வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. யாரையோ பார்க்க வந்ததாகச் சொல்லியிருக்கலாம்.

"ஐயாவும் இஞ்சைதான் மருந்தெடுத்தவர்" என்றான் மயில்வாகனம். "அந்த உருண்டைக்குள்ளை இருந்தது இந்த வெள்ளைக் குளிசைதான்."

"செத்த மனிசனைப் பற்றி இப்பிடிக் கதையாதை" என்றான் சின்னராசா. அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் இரண்டடி தள்ளி நின்றார்.

மயில்வாகனம் முறை வந்ததும் குளிசைகளை வாங்கினான். முதல் வேளைக்கானதை இரஞ்சிதத்தின் கையில் கொடுத்துத் தண்ணீர் வார்த்தான். அவள் விழுங்கிவிட்டதாகத் தலையாட்டினாள்.

அவன் நம்பாமல் அவளுடைய வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தான்.